ஒரே பில், 20 ஹார்டு டிஸ்க்

ஐயா,

கோத்தகிரியில் ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நாங்கள் பத்துப் பேர், மலிவாகக் கிடைக்கிறதே என்று கோவையில் ஒரே பில்லில் 20 ஹார்டு டிஸ்க் வாங்கினோம். எட்டு மாதத்துக்குள் நான்கு படுத்துவிட்டன. என்னுடையது இரண்டு நாள் 'டக் டக்' என்று தட்டியது. மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு முகூர்த்த சீசன் படங்கள் அத்தனையும் அதில்தான். நகல் எடுத்து வைக்காதது என் தவறு. வாரண்டியில் புது டிஸ்க் வந்தாலும் படங்கள் வராது.

பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் வர வேண்டும் என்கிறார் கடைக்காரர். அவரோ இப்போது ஊரிலேயே இல்லை. சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாக விற்ற சரக்காம். நமக்குத் தனி வாரண்டி கிடையாதாம். மலிவின் ரகசியம் அப்போதுதான் புரிந்தது. மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போய் வந்தால் அன்றைக்குக் கடை அடைப்புதான்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்பதால், ஊட்டிக்கு மனு தயாராகிறது. சீரியல் எண்ணையும், வாரண்டி தருவது யார் என்பதையும் பில்லிலேயே எழுதித் தரும்படி கடைகளுக்கு அரசு உத்தரவிட வேண்டும். கூட்டாக வாங்குவோர் ஆளுக்கொரு பில் கேளுங்கள்.

- ஸ்டுடியோ உரிமையாளர், கோத்தகிரி