ஜூவுக்குப் போன கதை

கவி,

பசியாறிட்டியாமா. ஞாயித்துக்கிழமை உன் அண்ணன் மகள ஜூ நெகாராவுக்கு, அதான் மலேசியாவோட தேசிய மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிட்டுப் போன போட்டோவ குரூப்ல போட்டேன், ஒடனே நீ மெல்பர்ன்லேர்ந்து "ஜெயிலுக்கு எதுக்குப்பா டிக்கெட்டு"ன்னு கேக்குற, அவ அம்மாவே அதுக்கு லைக் போடுது. வாட்சப்ல இவ்ளோ அடிக்க முடியாது, அதான் மெயில்.

உனக்கு ஏன் ஆகாதுன்னு தெரியும். ஆறு வயசுல உன்ன ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்ல, பேரு வேணாம். சிமெண்டுத் தரையில ஒரு கரடி, நெஞ்சுல மஞ்சப் பட்டை, ஏழு அடி நடக்கும், செவுத்துக்கிட்ட தலைய ஒரு சுத்து சுத்தும், மறுபடி ஏழு அடி. ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரைக்கும் வழியுது, நீ எண்ணிக்கிட்டே நிக்குற. அந்த மாதிரி எடத்த நாளைக்கே மூடட்டும், நான் ஏன்னு கேக்க மாட்டேன்.

ஆனா சுமத்ரா காண்டாமிருகத்த நெனச்சுப் பாரு. காட்டுல அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு ஆயிருச்சு, பொட்டை ரொம்ப நாள் ஜோடி இல்லாம இருந்தா கர்ப்பப்பையில கட்டி வந்துரும், சபாவுல 2014ல புடிச்ச இமான்ங்கிற பொட்டைக்கும் அதேதான். 2019 மே மாசம் 'தாம்'னு பேரு வெச்ச ஆண் செத்துச்சு, நவம்பர்ல இமான், நம்ம நாட்டுல சுமத்ரா காண்டாமிருகம் அதோட முடிஞ்சுது. முன்னாடியே புடிச்சு ஒண்ணா வெச்சிருந்தா ஒரு குட்டியாச்சும் பொறந்திருக்காதான்னு எனக்கு மனசு அடிச்சுக்குது. 2003ல சிலாங்கூர்ல சுங்கை டுசுன் காண்டாமிருக மையத்துல வெச்சிருந்ததெல்லாம் வரிசையா செத்துச்சே, அதுவும் உண்மைதான், அந்த பாயிண்ட் உனக்கு.

பாண்டாவுக்கு நானும் க்யூ நின்னதில்ல லா. 2014ல சீனாவுலேர்ந்து வாடகைக்கு வந்துச்சு, 2025ல திரும்பிப் போயிருச்சு. நம்ம புலி காட்டுல 150 கூட இல்ல, அதுக்கு யாரு அவ்ளோ செலவு பண்றா?

அன்னிக்கு நாங்க ரொம்ப நேரம் நின்னது ஏரிக்கிட்டதான். மில்கி ஸ்டார்க், பெரிய வெள்ளை நாரை, வாயில குச்சியோட மரத்துக்கு ஏறுது, மேல வலையே இல்ல. "தாத்தா, ஏன் ஓடிப் போவல?"ன்னு சின்னவ கேட்டா, மீன் கெடைக்குதுல்லன்னு சொல்லிச் சமாளிச்சேன். இங்க பொறந்ததுல கொஞ்சத்த பேராக்ல கோலா குலா சதுப்புலயும் விட்டிருக்காங்க.

டிசம்பர்ல வர்றப்ப உன்ன அங்க கூட்டிட்டுப் போறேன். கூண்டு இருக்காது, கொசு இருக்கும், முழுக்கை சட்டை எடுத்துட்டு வா.

அப்பா