உப்புச் சாரலில் நனைந்த கேமரா

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. பாறையில் மோதிச் சிதறும் அலையை அவ்வளவு அருகில் நின்று எடுத்திருக்கிறீர்கள், படம் அருமை. ஆனால் அந்தச் சாரல் முழுவதும் கேமராவின் மேலும் விழுந்திருக்குமே என்ற கவலையும் கூடவே வந்தது. மழையும் சாரலும் புகாதபடி தடுக்கும் வெதர் சீலிங் உள்ள கேமராதானே, குழாயில் காட்டிக் கழுவிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு, இதற்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

குழாய்க்குக் கொண்டுபோக வேண்டாம். அதற்காகத் தண்ணீரே கூடாது என்றும் எண்ண வேண்டாம். உப்பைக் கரைத்து எடுக்க நல்ல தண்ணீரைவிடச் சிறந்த பொருள் இல்லை. அது எவ்வளவு விசையோடு கேமராவைத் தொடுகிறது என்பதுதான் கேள்வி.

வெதர் சீலிங் என்பது பேட்டரிக் கதவு, மெமரி கார்டு கதவு, பொத்தான்கள், திருப்பும் குமிழ்கள், லென்ஸ் பொருந்தும் வளையம் ஆகிய இடங்களில் வைக்கப்பட்ட மெல்லிய ரப்பர் தடுப்புகள்தான். மேலிருந்து விழும் மழையையும் தெறிக்கும் துளிகளையும் அவை தாங்கும். ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 கேமராவுக்கு ஐபி 53 என்ற தரம் உண்டு. இந்தத் தரத்தில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் நீருக்கு. இரண்டாவதாக உள்ள 3 என்ற எண், செங்குத்திலிருந்து 60 பாகை வரை சாய்ந்து தெளிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. அதே இரண்டாவது இடத்தில் பீய்ச்சி அடிக்கும் நீருக்கான எண் 5, மூழ்குவதற்கானது 7. குழாய்நீரின் வேகம் அந்த 3-க்குள் அடங்கும் என்று நம்ப இடமில்லை. பல கேமராக்களுக்கு இப்படி ஓர் எண்கூடக் கிடையாது. ஈரத்தைத் தாங்கும் என்ற ஒரு வரியோடு தயாரிப்பாளர் நிறுத்திக்கொள்கிறார். ஒலிம்பஸ் டிஜி-6 போல 15 மீட்டர் ஆழம் வரை நீருக்குள் செல்லும் கேமராவை நல்ல தண்ணீரில் அமிழ்த்தியே சுத்தம் செய்யலாம். உங்களுடையது அந்த இனம் அன்று.

சாரல் காய்ந்தபின் பேட்டரிக் கதவின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அது உப்பு. உலர்ந்த துணியால் தேய்த்தால் அந்தப் படிகங்களே பூச்சைக் கீறிவிடும். விட்டுவைத்தாலோ, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, திருகுகளையும் உலோகப் பகுதிகளையும் மெல்ல அரிக்கும். ஆகவே, வீடு திரும்பிய அன்றே கவனித்துவிடுவது நல்லது.

முதலில் கேமராவை அணைத்து, கதவுகளும் ரப்பர் மூடிகளும் சரியாக மூடியிருக்கின்றனவா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். லென்ஸ் கேமராவிலேயே இருக்கட்டும். மணல் ஒட்டியிருந்தால், துணி படுவதற்கு முன்பே கையால் அழுத்திக் காற்றடிக்கும் ரப்பர் ஊதுபந்தால் ஊதிவிடுங்கள். அழுத்தக் காற்றுக் குப்பி வேண்டாம். அது துளியையும் மணலையும் ரப்பரைத் தாண்டி உள்ளே தள்ளிவிடக்கூடும். பிறகு மென்மையான துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் துடையுங்கள். துணியை அடிக்கடி அலசுங்கள். இல்லாவிட்டால் எடுத்த உப்பையே திரும்பப் பூசுகிறோம். பிளாஷ் பொருத்தும் இடத்தையும், ஜூம் வளையத்தின் வரிப்பள்ளங்களையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்று உணர்ந்தால் அதற்குமேல் திருப்பாதீர்கள். மணல் உள்ளே இழுபடும். வெளியே நீளும் ஜூம் லென்ஸ் என்றால், நீண்ட குழலைத் துடைத்து உலர்த்திய பிறகே உள்ளே தள்ள வேண்டும். லென்ஸின் கண்ணாடிக்குத் தனியாக ஒரு சுத்தமான துணி வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவின் உடல் முழுவதும் உலர்ந்த பின்னரே கதவுகளைத் திறக்க வேண்டும். அப்போது ரப்பர் விளிம்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள்; அங்கே ஒரு மணல்துகளோ ஒற்றை முடியோ சிக்கியிருந்தால்கூட, அடுத்த மழையில் நீர் நுழைய அந்த இடைவெளி போதும். ரப்பரில் ஆல்கஹால் படவிடாதீர்கள். முடி உலர்த்தும் கருவியின் சூடும் ஆகாது. நிழலில், காற்றோட்டமாக வைத்தாலே போதும். பைக்குள் ஈரத்தோடு மூடிவைத்தால் லென்ஸில் பூஞ்சை படரும். உலர்ந்த பின்னர் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது என் வழக்கம்.

ஒருவேளை கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் பனி படிந்தது போலத் தெரிந்தால், கேமராவை இயக்கிப் பார்க்காமல் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் தோன்றும் பனி அப்படியன்று. சற்று நேரத்தில் அது தானே மறையும்.

நீங்கள் பயன்படுத்தும் லென்ஸ் எது என்று எழுதவில்லையே? பின்புற வளையத்தைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், கேமராவில் எத்தனை தடுப்பு இருந்தாலும் அந்த இணைப்பு வழியே நீர் இறங்கிவிடும். அலையருகே போகும்போது மழை உறை போட்டுத்தான் ஆக வேண்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்