சீட்டுகளைக் காப்பாற்றிய அக்காவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

வணக்கம். போன வாரம் நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். எங்கள் ஆய்வகத்துக்குள் தண்ணீர் புகுந்து, என் ஆய்வுக்காகக் காட்டில் சேகரித்த மிருக எச்ச மாதிரிகள், அதாவது மலம், நனைந்துவிட்டன. மறுபடி அதையே விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. தண்ணீர் வடிந்துவிட்டது, மாதிரிகளில் பெரும்பகுதி பிழைத்துவிட்டது. இதைத் தெரிவிக்கவும் உதவியவர்களுக்கு நன்றி சொல்லவும்தான் உட்கார்ந்தேன்.

ராத்திரியோடு ராத்திரியாக வந்து பெட்டிகளை மாடிக்குத் தூக்கிய மாணவர்கள், ஃப்ரீசரில் இருந்த குப்பிகளுக்குத் தங்கள் ஆய்வகத்தில் இடம் ஒதுக்கித் தந்த பக்கத்துக் கட்டிடத்து நண்பர்கள், வண்டி ஓட்டி வந்தவர், வீட்டு ஃபேனையே தூக்கிக்கொண்டு வந்தவர்கள், போனில் மணிக்கணக்காகக் கூடவே இருந்த என் பழைய வழிகாட்டி, எல்லோருக்கும் மனசார நன்றி. உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்தும் சொல்வேன்.

இனி நான் எழுதப்போவது எங்கள் கட்டிடத்தைச் சுத்தம் செய்கிற அக்காவைப் பற்றி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

நாங்கள் எல்லோரும் பெட்டிகளைக் காப்பாற்றுவதில் இருந்தோம். அந்த அவசரத்தில் அதுதான் யாருக்கும் தோன்றும். காகிதப் பொட்டலங்கள் நனைந்து, அதன் மேல் ஒட்டியிருந்த, மாதிரி எடுத்த தேதி எழுதிய சீட்டுகள் பிரிந்து வந்துகொண்டிருந்ததை அக்கா மட்டும்தான் பார்த்திருக்கிறார். விடிந்து நான் மேலே போனபோது வராந்தா முழுக்கக் கொடி கட்டியிருந்தது. ஒவ்வொரு பொட்டலமும் அதனுடைய சீட்டோடு சேர்த்து ஒரே கிளிப்பில் தொங்கியது. பெட்டியில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில். எந்தப் பொட்டலத்திலிருந்து வந்தது என்று தெரியாத சீட்டுகளை அவர் எதனோடும் சேர்க்கவில்லை. தனியாக ஒரு தட்டில் பரப்பி, எந்தப் பெட்டியின் அடியில் கிடந்தன என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தார். நிச்சயமாகத் தெரியாத இடத்தில் ஊகித்து ஒட்டாமல் விட்டாரே, அந்த ஒன்றுக்காகவே நான் அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

"தேதி போயிட்டா உங்களுக்கு எல்லாமே போயிடும்ல பாப்பா" என்றார். அழுதுவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒருநாள், இந்தக் காட்டு மிருகங்களின் எச்சத்தை எதற்கு இவ்வளவு பத்திரமாக வைக்கிறீர்கள் என்று அவர் கேட்டிருந்தார். நான் வேலை செய்துகொண்டே பதில் சொன்னேன். செந்நாயோ சிறுத்தையோ ஒரு மானைத் தின்றால் சதை செரித்துவிடும், முடி செரிக்காது, எச்சத்தோடு வெளியே வந்துவிடும். அதைக் கழுவி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முடியின் மேல்செதில் அமைப்பும் உள்ளே இருக்கும் நடுப்பகுதியின் அமைப்பும் அது மானா, பன்றியா, முயலா என்று காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் சொல்லிவிட்டு, தேதி இல்லையென்றால் இது ஒன்றுக்கும் ஆகாது என்றும் சொல்லியிருக்கிறேன் போல. எனக்கு அது ஞாபகமே இல்லை, அவர் மறக்கவில்லை.

தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்று இந்த வாரம் பலர் கேட்டார்கள், எச்சம்தான் பத்திரமாக இருக்கிறதே என்று. கேட்டது நியாயம்தான். வேட்டையாடும் விலங்குக்கு என்று நிரந்தரமான உணவுப் பட்டியல் கிடையாது. காட்டில் எது எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். மாறுவதும் நேர்விகிதத்தில் இல்லை. ஒரு இரை பெருகப் பெருக அதை அதிகம் பிடிக்கும், ஆனால் ஓரளவுக்கு மேல் ஏறாது, ஏனென்றால் துரத்தவும் கொல்லவும் தின்னவும் நேரம் வேண்டுமே. 1959-இல் ஹாலிங் என்ற சூழலியலாளர் இதைத்தான் அழகாகக் காட்டினார். சில வேட்டை விலங்குகள் ஒரு இரை அரிதாக இருக்கும்போது அதைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாமலே விட்டுவிட்டு, அது பெருகியதும் சட்டென்று அதன் பக்கம் திரும்பிவிடும். இன்னொரு கொடுமையான வழியும் உண்டு. ஒரு இரை பெருகி அதனால் வேட்டை விலங்குகளும் பெருகிவிட்டால், அதே காட்டில் எண்ணிக்கை குறைந்து தவிக்கும் இன்னொரு இரை அந்தக் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

அலாஸ்காவில் பிளெசன்ட் தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. 2013-இல் ஓநாய்கள் நீந்திப் போய் அங்கே குடியேறின. 2015-இல் அவற்றின் உணவில் முக்கால் பங்கு மான்தான். மான்களைத் தின்று தீர்த்ததும் அவை பட்டினி கிடந்து செத்தோ தீவை விட்டுப் போயோ இருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் இரண்டு மூன்று வருஷங்களில் மான் 7 சதவீதத்துக்கு இறங்கியது, கடல் நீர்நாய் பாதிக்கு மேல் ஏறியது. ஓநாய் இரைக்காகக் கடல் பக்கம் திரும்பிவிட்டது! இதைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவியது எங்கள் கொடியில் தொங்கியதைப் போன்ற எச்சங்கள்தான். அவற்றில் தேதி அழிந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? "இந்த ஓநாய்கள் மானும் தின்னும், கடல் நீர்நாயும் தின்னும்" என்ற ஒரு வரி. எல்லா வருஷத்தையும் கலந்து சராசரி எடுத்தால் கிடைப்பது எந்த ஓநாயும் எந்த வருஷத்திலும் சாப்பிடாத ஒரு சாப்பாட்டுத் தட்டு.

என் மாதிரிகளிலும் அதுதான் நடந்திருக்கும். மழை பொய்த்த காலமும் புல் செழித்த காலமும் அதில் இருக்கின்றன. புள்ளிமான் மந்தைகள் மெலிந்து போனபோது சிறுத்தை எதைத் தேடிப் போனது, செந்நாய் எதைத் தேடிப் போனது, இரண்டும் ஒரே பக்கம் திரும்பினவா, வேறு வேறு பக்கமா? இதுதான் என் கேள்வி. நாங்கள் காட்டில் நடந்து இரை விலங்குகளை எண்ணிய கணக்கு தனியாகப் பத்திரமாகத்தான் இருக்கிறது. அந்தக் கணக்கையும் எச்சத்தையும் சேர்த்துக் கட்டுகிற ஒரே முடிச்சு அந்தச் சீட்டில் இருந்த தேதி.

இந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டது கனடாவின் லின்க்ஸ் பூனைகளை. பனிமுயல் பெருகும்போது அவை கிட்டத்தட்ட முயலை மட்டுமே தின்னும், முயல் வீழ்ந்ததும் சிவப்பு அணில்கள் பக்கம் திரும்பும், அப்படியும் அவற்றின் எண்ணிக்கை சரியும். சுமார் பத்து வருஷத்துக்கு ஒருமுறை இந்த ஏற்ற இறக்கம் வருகிறது. 1942-இல் எல்டன், நிக்கல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் லின்க்ஸின் இந்தச் சுழற்சியை நிறுவ முடிந்ததற்குக் காரணம் ஹட்சன்ஸ் பே கம்பெனியின் தோல் வியாபாரக் கணக்கு. எங்கோ குளிரில் உட்கார்ந்து இந்த வருஷம் இத்தனை தோல் என்று எழுதிய குமாஸ்தாக்களுக்கு விஞ்ஞானத்தோடு என்ன சம்பந்தம்? ஆனால் அவர்கள் வருஷத்தைச் சரியாக எழுதினார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. இனி அவர்களை நினைக்கும்போதெல்லாம் அக்காவும் ஞாபகத்துக்கு வருவார்.

அக்காவுக்கு இரண்டு வாக்கு கொடுத்திருக்கிறேன், இங்கே எழுதினால் நீங்களும் சாட்சி. அந்தக் கொடியில் தொங்கிய பொட்டலங்களிலிருந்து எடுக்கும் முதல் முடியை மைக்ராஸ்கோப்பில் முதலில் பார்க்கப்போவது அவர். அடுத்தது, இந்தத் தொடரை நான் நடுவில் விடமாட்டேன். அடுத்த கோடையிலும் அதே பாதைகளில் நடந்து எண்ணுவோம், எச்சம் எடுப்போம். ஆய்வறிக்கையின் நன்றிப் பக்கத்தில் பெயர் போட அவர் சம்மதிப்பார் என்று இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறேன்.

தட்டில் இருக்கும் சீட்டுகளுக்குப் பொட்டலம் தேடும் வேலை இன்னும் பாக்கி. என்னோடு காட்டுக்கு வந்தவர்கள் யாராவது மாதிரி எடுத்த இடத்தில் போட்டோ எடுத்திருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் தேதி மாறாமல் எனக்கு அனுப்புங்கள். ஃபேன் கொடுத்தவர்கள் இன்னும் சில நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும், கடைசிப் பெட்டி காயவில்லை.