லீன்-டுவை நம்பி டென்டை விட்டுவிட்டு வராதீர்கள்: நடைக்குழு ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூஜெர்சி, நியூயார்க் பக்கமிருந்து வடக்கு நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளிலுள்ள ஹை பீக்ஸ் காட்டுக்கு ஆள் திரட்டி வரும் தமிழ் நடைக்குழு ஒருங்கிணைப்பாளர்களுக்கு, வணக்கம்.

"சனி இரவு மார்சி டேம் லீன்-டுவில் தங்கல், 14 பேர், டென்ட் வேண்டாம்" என்கிற தோரணையில் வாட்ஸ்அப் அறிவிப்பு போடுவதை நிறுத்துங்கள். அந்த ஒரு வரியில் எல்லாமே தப்பு.

லீன்-டு என்பது மூன்று பக்கம் மரக்கட்டைச் சுவர், பின்னால் சரியும் கூரை, தரைக்கு மேல் பலகைத் தளம், அவ்வளவுதான். முன்பக்கம் முழுக்கத் திறப்பு. முன்பதிவு கிடையாது. சுமார் 8 பேர் படுக்கலாம். அத்தனை பேர் சேரும்வரை யார் வந்தாலும் இடம் விட வேண்டும். இருட்டிய பிறகு நனைந்து வருகிறவரிடம் "எங்கள் ஆட்கள் பின்னால் வருகிறார்கள்" என்று துண்டு போட்டு இடம் பிடிக்க முடியாது, இது பஸ் சீட் இல்லை. ஹை பீக்ஸில் இரவு தங்கும் குழுவே 8 பேரைத் தாண்டக் கூடாது. 14 பேர் என்றால் இரண்டு குழு, இரண்டு பாதை, இரண்டு தங்குமிடம்.

ஆகவே எல்லோருக்கும் டென்ட் கட்டாயம். இடம் நிரம்பியிருந்தால் மஞ்சள் வட்டத்தகடு அடித்த முகாம் இடத்தைத் தேடிப் போங்கள். லீன்-டுவுக்குள் டென்ட் அடிக்கக் கூடாது. கொசுவுக்குப் பயந்து டென்டின் உள்வலைக் கூட்டை மட்டும் நிறுத்துகிறார்கள், அதுவும் கூடாது; மூன்று பேர் இடத்தை ஒருவர் அடைத்துக்கொள்வார். மே நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை கருப்பு ஈ கடிக்கும் காலம். கயிற்றில் கட்டித் தொங்கவிடும் வலை கொண்டு வாருங்கள். சாரல் அடித்தால் முன்பக்கம் துணித் தார்ப்பாயைக் கயிற்றால் கட்டலாம். ஆணி அடிக்கவோ பிளாஸ்டிக் ஷீட்டால் மூடவோ கூடாது.

இனி சாப்பாடு. நம் குழுக்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கிழக்கு ஹை பீக்ஸில் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை கரடி டப்பா, அதாவது கரடியால் திறக்க முடியாதபடி செய்த உணவு டப்பா, கட்டாயம். காதில் மஞ்சள் பட்டை மாட்டியிருந்த 'யெல்லோ-யெல்லோ' என்ற பெண் கரடி, ஒரு வகை டப்பாவின் மூடித் தாழைப் பல்லால் அழுத்தித் திறக்கவே கற்றுக்கொண்ட ஊர் இது. எந்த டப்பா தாங்கும் என்று விசாரித்துவிட்டு வாடகைக்கு எடுங்கள். டூத்பேஸ்ட், சன்ஸ்கிரீன், குப்பை, ஊறுகாய் ஒட்டிய கவர் எல்லாம் அதற்குள் போக வேண்டும். டப்பாவை மூடி, படுக்கும் இடத்திலிருந்து 100 அடி தள்ளித் தரையில் வையுங்கள்.

எவர்சில்வர் டிபன் அந்த டப்பாவுக்குள் இடத்தை வீணாக்கும், எண்ணெயும் கசியும். ஜிப் பைதான் சரி. புழுங்கலரிசி வேக நேரமாகும், சின்னக் காஸ் சிலிண்டர் வீணாகத் தீரும். ரவையை வீட்டிலேயே தாளித்து வறுத்துக் கொண்டு வந்தால், ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் உப்புமா. அவலுக்கு அதுகூட வேண்டாம். கிழக்குப் பகுதியில் விறகுத் தீ மூட்டத் தடை, அதனால் அடுப்பில்லாமல் வருகிறவருக்குச் சூடான சாப்பாடு இல்லை.

கரடியைவிட நிச்சயமாக வருவது எலி. இடுப்புப் பட்டைப் பையில் கிடக்கும் கடலைமிட்டாய்த் துணுக்குக்காகப் புதுப் பையையே கடித்து ஓட்டை போடும். பையைக் காலி செய்து, ஜிப்புகளைத் திறந்துவிட்டு, லீன்-டுவில் ஏற்கெனவே இருக்கும் ஆணியில் மாட்டுங்கள்; நுழைந்து பார்த்துவிட்டு அதுபாட்டுக்குப் போய்விடும்.

அக்டோபர் கொலம்பஸ் தின விடுமுறைக்கு அறிவிப்பு அனுப்பியவர்கள் உடனே திருத்துங்கள். அதே திங்கட்கிழமைதான் கனடாவின் நன்றி நாள். மாண்ட்ரியலிலிருந்தும் கூட்டம் வரும். வெள்ளி மதியமே நடக்கத் தொடங்க முடியாதவர்கள், லீன்-டு கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பாதைகளில் நடக்கும் சிலர்