சரி... அப்புறம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

சொந்தக்காரர்களுக்குப் போன் பண்ணவே பயமாக இருக்கிறது என்றாய். பேசுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, வைப்பதில்தான். டிரங்க் கால் காலத்தில் 3 நிமிடம் ஆனதும் ஆபரேட்டரே குறுக்கே வந்துவிடுவார். பிறகு எஸ்.டி.டி. பூத்தில் சிவப்பாக ஓடிய மீட்டர் அந்த வேலையைப் பார்த்தது. வாட்ஸ்அப்பில் காசும் இல்லை, மீட்டரும் இல்லை. அதனால்தான் "சரி... அப்புறம்?" நாலு சுற்று வருகிறது.

மீட்டரை நீயே கொண்டுபோ. எடுத்ததுமே, "8.30 ரயிலைப் பிடிக்கணும் பெரியம்மா, அதுக்குள்ள உங்க குரலைக் கேட்டுடலாம்னு கூப்பிட்டேன்" என்று சொல்லிவிடு. இதையே கடைசியில் சொன்னால் சாக்கு. முடிக்கும்போது "வைக்கட்டுமா?" என்று கேட்காதே, அதற்கும் "அப்புறம்?"தான் பதில். "வைக்கிறேன் பெரியம்மா" போதும்.

நியூஜெர்சியில் காலை 8 மணி, கோடையில் இங்கே மாலை 5.30. காபி நேரம், அருமை. நவம்பரில் உங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அதே 8 மணி இங்கே 6.30 ஆகிவிடும். சீரியல் நேரம். அப்போது வரும் "ம்" எதுவும் உனக்கானதில்லை. நடுராத்திரியில் கை தவறி அழுத்திவிட்டால், யாரோ போய்விட்டார் என்றே இங்கே எழுந்து உட்காருவார்கள். உடனே "ஒண்ணுமில்லை, கை பட்டுடுச்சு" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. எழுதி அனுப்பினால் அந்த இருட்டில் கண்ணாடியைத் தேட வேண்டும்.

"யார் பேசறேன், சொல்லு பாப்போம்?" என்று ஒரு பரீட்சை வரும். பெயரை ஊகித்துச் சொல்லாதே. தப்பினால் அடுத்த கல்யாணம் வரை சொல்லிக் காட்டுவார்கள். "உங்க குரல் தெரியாதா! அங்க மழையா?" என்று கேள், ஊர் வெளியே வரும். "வீட்டுல எல்லாரும்?" என்றால் பெயர்கள் வரும். அப்படியும் பிடிபடவில்லையா? உன்னைப் 'பாப்பா' என்றால் நம் பக்கம், முழுப் பெயர் என்றால் மாப்பிள்ளை பக்கம். அதற்கேற்ப மரியாதையைக் கூட்டிக்கொள்.

"விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்கு மருந்து, "முழங்கால் வலி எப்படி இருக்கு அத்தை?" தப்பாமல் வேலை செய்யும். ஆனால் கையில் 20 நிமிடம் இருந்தால் மட்டும் பிரயோகி.

துக்கம் விசாரிக்கும்போது மட்டும் இந்தச் சாமர்த்தியமெல்லாம் வேண்டாம். வாய்ப் பழக்கத்தில் "நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பித்துவிடாதே. "இப்பத்தான் கேள்விப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்து, அவர்கள் பேசட்டும். "எப்படி ஆச்சு?" என்று நீ கேட்காதே, காலையிலிருந்து நாற்பது பேரிடம் சொல்லி ஓய்ந்திருப்பார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை, போனில் அது முடியாது. "ஒரு வாய் சாப்பிட்டுப் படுங்க, காரியத்துக்கு முன்னாடி கூப்பிடறேன்" என்று வை. சொன்னபடி கூப்பிடவும் செய்.

எந்தப் போனானாலும், சிவப்புப் பொத்தானை அழுத்தி, திரை மாறியதைப் பார்த்த பிறகே "அப்பாடா" சொல்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவைக் கூப்பிடு. அவளுக்கு ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாது. மாமா, சித்தி, பக்கத்து வீட்டம்மா எல்லாரும் கூடத்தில்தான் இருப்பார்கள். நானும்தான்.

அன்புடன்,
அப்பா