லட்சத்தீவு சுற்றுலாத் துறைக்கு: முதலில் தண்ணீர்க் கணக்கைச் சொல்லுங்கள்

லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2024 ஜனவரியில் உங்கள் கடலில் பிரதமர் ஸ்நார்க்கெலிங் செய்த படங்கள் வந்தாலும் வந்தன, எங்கள் ஊர்ப் பக்கம் "மாலத்தீவு எதுக்கு, லட்சத்தீவு போகலாமே" என்ற பேச்சு ஓயவில்லை. பெர்மிட் எப்படி வாங்குவது, எந்தத் தீவில் தங்குவது என்று என்னிடம் கேட்கிறார்கள், ஏற்கெனவே போய்வந்தவன் என்பதால். தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஒரு தீவு ஒரு நாளைக்கு எத்தனை விருந்தாளிகளைத் தாங்கும் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

36 தீவுகள், அதில் மக்கள் வாழ்வது 10-ல். எல்லாவற்றையும் கூட்டினாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பெய்கிற மழை பவள மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அந்தப் படலம்தான் கிணற்று நீர். கவரத்தித் தீவில் ஒரு வீட்டு முற்றத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். நாலைந்து முழக் கயிறு போதும், வாளி தண்ணீரைத் தொட்டுவிடும். கடல் ஏறும்போது கிணறும் ஏறும், வற்றும்போது இறங்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார். மோட்டார் போட்டு அதிகமாக இழுத்தால் கீழிருந்து உப்பு மேலே வந்துவிடும். கழிப்பறைக் குழி கசிந்தாலும் அதே மணலுக்குள்தான் இறங்கும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் கவரத்தியில் முதல் நிலையத்தை அமைத்தபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடலின் மேற்பரப்பு நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்கும் நல்ல வேலை அது. கட்மத்தில் 2024 ஜனவரியில் திறந்த நிலையம் ஒரு நாளைக்கு 1.5 லட்சம் லிட்டர் தரும். அந்தத் தீவில் 2011 கணக்கெடுப்பின்படி 5,404 பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 28 லிட்டர்கூட வரவில்லை. விடுதி அறையில் ஒருவர் ஷவரைத் திறந்து நிதானமாக ஒரு குளியல் போட்டால் அது தீர்ந்துவிடும்.

அதே கட்மத்திலும் ஆளில்லாத சுஹேலியிலும் தலா 110 அறைகளோடு சொகுசு விடுதிகள் வரும் என்று 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. சில அறைகள் கரையில், சில அறைகள் தண்ணீருக்கு மேலேயே. விடுதி தனக்கு வேண்டிய நீரைத் தானே சுத்திகரித்துக்கொள்ளும் என்று பதில் வரலாம். சரி, அதற்கான மின்சாரம்? சூரிய மின்சாரம் வரத் தொடங்கியிருந்தாலும், பெரும்பகுதி இன்னும் கப்பலில் வரும் டீசலைத்தானே நம்பியிருக்கிறது?

தண்ணீருக்கு மேலே அறை என்பதில் எனக்கு வேறொரு கவலையும் உண்டு. பவளத்திட்டு வளைத்து வைத்திருக்கும் அந்த ஆழமில்லாத பச்சைக் கடல் (லகூன் என்பார்கள்), படத்துக்குப் பின்னணி மட்டும்தானா? மினிக்காய்த் தீவுக்காரர்கள் சூரை மீன் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியலில் லகூனுக்குள் சிறு வலை இறக்கி விரல்நீளக் குஞ்சுமீன்களைப் பிடிக்கிறார்கள். படகின் அடியில் கடல்நீர் நிரப்பிய அறையில் அவற்றை உயிரோடு வைத்துக்கொண்டு திட்டைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போகிறார்கள். சூரைக்கூட்டம் தெரிந்ததும் குஞ்சுகளை வீசித் தண்ணீரைப் பீய்ச்ச, கடல் கொதிப்பதுபோல் ஆகிவிடுகிறது. அப்புறம் வரிசையாக நின்று தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறார்கள். குஞ்சுமீன் இல்லாவிட்டால் சூரையும் இல்லை. பவளம் இல்லாவிட்டால் குஞ்சுமீனும் இல்லை. 1998, 2010, 2016 என்று வெப்ப அலைகளில் வெளிறிப்போன பவளம் அது. அகத்தி, கட்மத், கவரத்தி மூன்றையும் 24 ஆண்டுகள் கண்காணித்தவர்கள், உயிருள்ள பவளம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்கிறார்கள். பங்காரம் தீவுக்குப் பக்கத்தில் பரளி என்றொரு தீவு அரித்தே போய்விட்டது. மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகளைக் கடலுக்குக் கொடுத்த ஊர்க்காரர்கள் சொல்கிறோம், கொஞ்சம் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் நல்ல வழி உங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. உங்கள் நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான 'ஸ்போர்ட்ஸ்' சங்கம் நடத்திவந்த 'சமுத்திரம்' கப்பல் பயணம்! கொச்சியில் ஏறி, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒவ்வொரு தீவாகச் சுற்றி, இரவில் கப்பலுக்கே திரும்பும் ஏற்பாடு. தூங்குவதும் குளிப்பதும் கப்பலில் என்பதால் தீவின் கிணற்றுக்குப் பெரிய பாரமில்லை. மதியச் சாப்பாடும் படகுக் கூலியும் தீவுக்காரர்களுக்குப் போகும். கப்பலின் கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டியதுதான், ஆனாலும் புதிதாக 110 அறை கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கப்பலில் எனக்குக் கிடைத்த படுக்கை, சிகிச்சைக்காகக் கொச்சி போகக் காத்திருக்கும் ஒருவருக்குக் கிடைக்காமல் போனதாக இருக்கலாம். டிக்கெட் பற்றித் தீவுக்காரர்கள் புலம்புவது உங்கள் காதுக்கு வராமலா இருக்கும்? முதலில் அவர்களுக்கு இடம், மிச்சம் இருந்தால் எங்களுக்கு. இதனால் என் விடுமுறை தள்ளிப்போனால் போகட்டும்.

எங்களைத் திருத்துவது சுலபம். பவளத்தின் மேல் ஏறி நிற்பதும், உடைந்த துண்டைப் பைக்குள் போடுவதும் பெரும்பாலும் தெரியாமல் செய்வது. பவளத்தை எடுத்துப்போவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதைப் பெர்மிட்டிலேயே தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கொண்டுவந்த பிளாஸ்டிக் பாட்டிலை எண்ணித் திருப்பி எடுத்துப்போகச் சொல்லுங்கள். முணுமுணுப்போம், ஆனால் செய்வோம்.

அறை எண்ணிக்கைதான் அவ்வளவு சுலபமாகத் திருத்த முடியாதது. ஒவ்வொரு தீவிலும் கிணற்று நீர் எவ்வளவு, நிலையம் தருவது எவ்வளவு, தீவுக்காரர்களின் தேவை போக மிச்சம் எவ்வளவு, கப்பலில் எத்தனை இடம் என்பதைத் தீவு வாரியாக வெளியிடுங்கள். அந்த மக்களின் முன்னால் வைத்துப் பேசி, அதன் பிறகு எண்ணிக்கையை அறிவியுங்கள். பத்துத் தீவுக்கும் ஒரே நேரத்தில் முடியாது என்றால், வரும் அக்டோபர் சீசனுக்கு முன் கட்மத்துக்காவது அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து ஒரு பயணி