செங்கல் கணக்கில் ஒரு ஓய்வுநாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் யூதர்களின் ஹனுக்கா பண்டிகையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கிரேக்க ராஜாவை எதிர்த்து மக்கபேயர் என்ற யூதக் குடும்பம் செய்த கலகத்தைச் சொன்ன விதம் நன்றாகவே இருந்தது. ஆனால் படித்து முடிக்கும்போது, கிரேக்கர் ஆட்சியில் யூதர்கள் அடியும் உதையும் வாங்கியே காலம் தள்ளினார்கள் என்ற எண்ணம்தான் மனதில் நிற்கிறது. அது சரியில்லை என்று பட்டதால் எழுதுகிறேன்.

அலெக்சாந்தர் யூதர்களின் நாடான யூதேயாவின் பக்கம் வந்தது கி.மு. 332இல். செலூக்கிய வம்சத்துக் கிரேக்க ராஜா நான்காம் அந்தியோக்கஸ் யூத வழிபாட்டுக்குத் தடை போட்டது 167இல். நடுவில் 165 வருடம், ஐந்தாறு தலைமுறை. அத்தனை பேரும் கல்யாணம் செய்தார்கள், வரி கட்டினார்கள், வழக்குக்கு அலைந்தார்கள், செத்தும் போனார்கள். கட்டுரை அவர்களை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது.

பத்திரம் எழுதுவது எனக்குத் தொழில். பழைய ஆவணம் என்றால் விடமாட்டேன், அப்படித்தான் எகிப்து மணலில் கிடைத்த பாப்பிரஸ் என்ற நாணல் தாள் ஏடுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்து இரண்டாம் தாலமி ராஜாவின் நிதி மந்திரி அப்பொல்லோனியஸ், அவருடைய காரியஸ்தர் செனோன். இவர் கட்டிக்காத்து வைத்த ஏடுகளில் செங்கல் கணக்கு ஒன்று இருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை செங்கல் வந்தது என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், ஏழாம் தேதிக்கு நேரே எண்ணிக்கை எதுவும் போடாமல் 'சப்பத்', அதாவது யூதர்களின் வார ஓய்வுநாள், என்று மட்டும் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். செங்கல் இறக்கியவரோ கணக்கு எழுதியவரோ யூதராக இருக்க வேண்டும். கிரேக்க எழுத்து, கிரேக்க எஜமான், ஆனால் ஏழாம் நாள் வேலை இல்லை. கணக்குப் பிள்ளையும் அதைச் சாதாரணமாகக் குறித்துவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விட்டார்.

அப்புறம் ஹெராக்ளியோபோலிஸ் ஊர் ஏடுகள். கி.மு. 144க்கும் 132க்கும் இடைப்பட்டவை, யூதேயாவில் மக்கபேயர் குடும்பம் செலூக்கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலம். இந்த எகிப்து ஊரில் யூதர்களுக்கென்று தனிச் சமூக அமைப்பு, அதற்குத் தலைவர்கள், அவர்களிடம் கொடுத்த மனுக்கள். பிலோட்டாஸ் என்பவர் பிராது கொடுக்கிறார்: லிசிமாக்கஸ் மகள் நிக்காயாவை எனக்குப் பேசி முடித்தார்கள், அவள் அப்பா சத்தியமும் செய்தார், இப்போது என்னிடம் முறைப்படி விலக்குச் சீட்டு வாங்காமலேயே அவளை வேறொருவனுக்குக் கட்டிவைத்துவிட்டார். இந்தப் பேர்களைப் பாருங்கள், ஒன்றுகூட எபிரேயப் பேர் இல்லை, மனு எழுதியதும் கிரேக்கத்தில். ஆனால் அவர் கேட்கிற சீட்டு மோசேயின் சட்டத்தில் வருவது, தமிழ் பைபிளில் உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் 'தள்ளுதலின் சீட்டு' என்று படிக்கிறோமே, அதேதான். அந்தச் சட்டநூலான தோராவைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இதற்கு எந்தச் சொல்லைப் போட்டார்களோ, ஏறக்குறைய அதையே பிலோட்டாஸும் மனுவில் எழுதியிருக்கிறார். பேச்சு மாறியது, பேரும் மாறியது, கல்யாண வழக்கு மட்டும் மாறவில்லை.

ராஜாவிடமும் இப்படித்தான் நடந்துகொண்டார்கள். அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில் ஸ்கேதியாவில் மூன்றாம் தாலமி காலத்து ஜெபவீட்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜா, ராணி பெரெனிகே, பிள்ளைகள் எல்லோருடைய நலத்துக்காகவும் யூதர்கள் இந்த ஜெபவீட்டை அமைத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ராஜாவைக் கடவுள் என்று எழுதுவதை மட்டும் தவிர்த்துவிட்டார்கள். விட்டுக்கொடுக்க வேண்டியது எது, கூடாதது எது என்று அந்தக் கல்லில் கொத்த வைத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எல்லாம் சுகமாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. எகிப்துக்குக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் இருந்தார்கள். 167இல் நடந்தது கொடுமை, மறுப்பில்லை. ஆனால் அதற்கு எட்டு வருடம் முன்பு எருசலேமில் கிரேக்க உடற்பயிற்சிக் கூடத்தைக் கொண்டுவந்தவர் யூதர்களின் பிரதான ஆசாரியர் யாசோன். சண்டை யூதர்களுக்குள்ளேயும் ஓடியது என்பதைக் கட்டுரையில் ஒரு பத்தியாவது சொல்லியிருக்கலாம்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் பென் சீரா என்ற யூத ஞானியின் பேரன். எருசலேமில் தாத்தா எபிரேயத்தில் எழுதிய ஞான நூலை, கி.மு. 132இல் எகிப்துக்கு வந்த பேரன், தூக்கம் விட்டுக் கிரேக்கத்தில் பெயர்த்தார். எபிரேயத்தில் சொன்னதற்கு உள்ள வலு வேறு பாஷையில் வருவதில்லை, குறை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முன்னுரையிலேயே கேட்டுக்கொள்கிறார். தாத்தாவின் எபிரேய மூலம் பல நூற்றாண்டுகள் காணாமல் போய், 1896 முதல்தான் கெய்ரோ ஜெப ஆலயத்துப் பழஞ்சுவடிக் குவியலிலிருந்து துண்டு துண்டாகக் கிடைத்தது. அதுவரைக்கும் முழு நூலை முக்கியமாகக் காப்பாற்றி வைத்திருந்தது, பேரன் மன்னிப்புக் கேட்ட அந்தக் கிரேக்க மொழிபெயர்ப்புதான்.

கட்டுரையாளர் நல்ல தமிழில் எழுதுகிறார். எகிப்து யூதர்களைப் பற்றியும் அவரையே எழுதச் சொல்லுங்கள். செங்கல் கணக்கிலிருந்து ஆரம்பித்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
மயிலாடுதுறை